அண்ணி உட்காரும் இடம்

தார்ப்பாய்ப் பட்டறையில் என் அண்ணிக்குச் சாக்கட்டி அக்கா என்று பெயர். லாரிச் சரக்கையும் படகையும் மூடுகிற பாயின் விளிம்பில் கயிறு கோக்கப் பித்தளை வளையம் அடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வளையங்கள் எங்கெங்கே வர வேண்டும் என்று சாக்கட்டியால் புள்ளி வைப்பது அவர் வேலை. புள்ளி ஒரு விரற்கடை தள்ளிப் போனால் கயிறு கோணும், பாய் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், மழைத் தண்ணீர் நேரே சரக்குக்குள் இறங்கும். அண்ணி வைத்த புள்ளி தள்ளிப் போனதாக அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முதல் நாளே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். துணியை மேஜையில் விரித்த கையோடு சாக்கட்டியைத் தூக்குவார்கள். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிடுவார்.

"நகர்ற துணியில புள்ளி வைக்காத. முதல்ல நாலு மூலையிலும் இரும்பை வச்சு இழுத்துக் கட்டு. அசையாம நிக்கட்டும். அப்புறம் வை."

இதைச் சொல்லிச் சொல்லியே அவர் நாக்கு தேய்ந்தது. அவர் தலை வாசலில் தெரிந்ததும் மேஸ்திரி, "நகர்ற துணி வருது, எல்லாரும் இரும்பை எடுங்க" என்று கிண்டல் செய்வார். அண்ணியும் கூடச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அண்ணியின் முதல் பிள்ளை ஒரு பையன். பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிரசவக் காய்ச்சலில் அண்ணி நினைவில்லாமல் கிடந்தார், நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பிள்ளையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அண்ணனை அவன் இவன் என்று சொல்லியே எனக்குப் பழக்கம், அண்ணியை அப்படிச் சொல்ல வாய் வராது. அவன் திரும்பி வந்தபோது முழங்கால்வரை ஈர மணல் ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளையை அண்ணி ஒரு தடவைகூட மடியில் வாங்கவில்லை.

ஊர் இடுகாடு கடலோரத்தில் இருக்கிறது. கைக்குழந்தைகளை மட்டும் பின்சுவருக்கு அப்பால், கடலைப் பார்த்த மணல்மேட்டில் புதைப்பார்கள். அங்கே கல் நட்டால் நிற்காது. மணல் ஒரு பருவத்தில் ஏறும், ஒரு பருவத்தில் இறங்கும், கல் சாய்ந்து உள்ளே போய்விடும். மரக்கட்டை நட்டால் அடுப்பெரிக்க யாராவது பிடுங்கிப் போவார்கள். தானாக வளர்வதென்றால் கொஞ்சம் கோரைப்புல், அதை விட்டால் சப்பாத்திக்கள்ளி. ஆள் உயரம் வளர்கிற சாதி இல்லை அது. தரையோடு தரையாகக் கிடக்கும், முழங்காலைத் தாண்டாது. மடல் உள்ளங்கை அளவுதான். அண்ணன் அதில் ஒரு மடலை முறித்துவந்து பிள்ளையின் தலைமாட்டில் ஊன்றிவிட்டு வந்திருந்தான்.

உடம்பு தேறி அண்ணி முதல் தடவை அங்கே போனபோது நானும் போனேன். வெறும் மணலில் ஒற்றை மடல் நின்றது, அதுவும் பாதி வாடி.

"முள்ளையா வச்சீங்க? பச்சப்புள்ள தலைமாட்டுலயா?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் தலையைத் தூக்காமல் சொன்னான். "ஆடு கடிக்காது. எவனும் பிடுங்க மாட்டான். தண்ணி ஊத்த வேண்டாம். நம்ம ரெண்டு பேரும் போன பிறகும் இது இங்கயே இருக்கும்."

அண்ணி அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். இஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக் புத்தி வேறு எப்படிப் போகும் என்று வீட்டுக்கு வந்து முணுமுணுத்தேன். அடுத்த வெயில் காலத்தில் அந்தக் கள்ளி பூத்தது. மஞ்சள் பூ, உள்ளே பட்டுத் துணி மாதிரி வழவழப்பு. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அண்ணி ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணனுக்கு இன்னொரு கரண்டி கூடப் போட்டார். சமாதானம் என்று நான் புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வாராவாரம், பட்டறை லீவு நாளில், அண்ணி அங்கே போவார். கையில் ஒரு நீள இடுக்கியும் உட்காரத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றும் இருக்கும். காற்றில் பறந்து வந்து முள்ளில் மாட்டிய பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுப்பார். கடல் பக்கம் உட்கார்ந்தால் மணல் கண்ணில் அடிக்கும். அதனால் கள்ளிக்கு இந்தப் பக்கம், சுவருக்கு முதுகு கொடுத்து, கள்ளியையும் அதற்குப் பின்னால் கடலையும் பார்த்தபடி உட்கார்வார். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வருவார்.

அந்தச் செடியில் பெரிய முள் ஒன்றும் செய்யாது. குத்தினால் தெரியும், பிடுங்கி எறியலாம். ஆளை வதைப்பது சுணைதான். மடலில் புள்ளி புள்ளியாக, பூனை முடி மாதிரி கொத்துக் கொத்தாக இருக்கும். தொட்டது தெரியாமலே விரலில் ஏறிவிடும், கண்ணுக்கும் அகப்படாது, துணியை எடுத்தால் அரிக்கும், பாத்திரத்தைத் தொட்டால் குத்தும். அண்ணி அதற்கும் பட்டறையில் வழி கண்டுபிடித்திருந்தார். பாய் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷனை விரல்களில் பூசி, காய்ந்ததும் தோலை உரிப்பதுபோல உரித்து எடுப்பார். சுணை அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். லீவுக்கு மறுநாள் காலையில் பட்டறைப் பெண்களுக்கு அதைப் பார்ப்பது ஒரு வேடிக்கை.

வருஷங்கள் போயின. அண்ணிக்கு ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். என் கல்யாணம் ஒத்துவராமல் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். எங்கள் வீடு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு அடுப்பு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துரு பிடித்துக் கையில் உதிரும். அண்ணன் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, சொன்ன இடத்திலேயே உட்கார்ந்து போய்விட்டான். அவனுக்கு இடுகாட்டின் முன்பக்கம் இடமும் கல்லும் கிடைத்தன. அண்ணி போகிற வழியில் அவன் கல்லின் மேல் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போய்விடுவார்.

"அண்ணன் பாவம், வாசலோட அனுப்பிடுறீங்க" என்று நான் சீண்டுவேன்.

"அவருக்குக் கல்லு இருக்கு. அவர் எங்கயும் போக மாட்டார்" என்பார்.

மகள் வந்தால் அவள் பங்குக்கு ஆரம்பிப்பாள். "அம்மாவுக்கு உயிரோட இருக்கிற என்னைவிட அந்தக் கள்ளிதான் ஒசத்தி." அண்ணி மறுக்கவும் மாட்டார், சமாதானம் சொல்லவும் மாட்டார். அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்.

நடுவில் ஒரு பெரும்புயலில் இடுகாட்டின் பின்சுவர் விழுந்தது. நகராட்சி அதைக் கொஞ்சம் உள்தள்ளி வேறு இடத்தில் கட்டியது. பிள்ளைகளை அங்கே கொடுத்த மற்ற தாய்மார்கள் அடையாளம் தெரியாமல் மேட்டில் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். துணிக்கடைக்காரர் மனைவி ஒருத்தி, எந்த இடம் என்று தெரியாமல் மேடு முழுக்க நடந்து நடந்து அழுதாள். பிறகு அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க குடுத்து வச்சவங்க அக்கா. உங்க வீட்டுக்காரர் புத்திசாலி" என்றாள். கள்ளி அப்போது ஒரு கட்டில் அளவுக்குப் படர்ந்திருந்தது.

அண்ணி தன்னைப் பற்றி அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் கள்ளியைப் பற்றி ஒன்று சொல்வார், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். "அவன் என் பக்கம் நகர்ந்து வர்றான் பாப்பா. போன வருஷம் இங்க உக்காந்தேன். இப்ப இங்க மடல் வந்துருச்சு. நான்தான் இடம் விட்டுப் பின்னாடி உக்கார வேண்டியிருக்கு." எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, இன்னும் அவருக்கு நான் பாப்பாதான். மடியில் வாங்காத பிள்ளை மடியைத் தேடி வருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதில் கை வைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

இப்படி முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு கடல் மேட்டை அரிக்க ஆரம்பித்தது. கரையில் பாறை கொட்டித் தடுப்பு போடப் போகிறோம், மேட்டைச் சமப்படுத்தப் போகிறோம் என்று நகராட்சி அறிவித்தது. பிள்ளைகளை எடுத்து ஊருக்கு வெளியே புது இடுகாட்டில் வைக்க விரும்புகிறவர்கள் வந்து இடத்தைக் காட்டலாம், ஆட்கள் தோண்டித் தருவார்கள். காட்டாதவர்களுடையது அப்படியே மண்ணுக்குள் போகும்.

அண்ணியின் முகத்தில் அன்று ஒரு தெளிவு வந்தது. பிள்ளையை ஒரு தடவையாவது கையில் வாங்கப் போகிறோம் என்ற தெளிவு. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் புதுக் கான்வாஸ் கேட்டு வாங்கி, பிள்ளையை வைத்து எடுத்துவர ஒரு சின்னப் பாய் தைத்தார். இரட்டைத் தையல், நான்கு ஓரத்திலும் பித்தளை வளையம். தன் புள்ளியைத் தானே வைத்து, தானே வளையம் அடித்தார். மேஸ்திரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தானே மடித்துக் கொடுத்தாராம்.

தோண்டுகிற அன்று காலையிலேயே போய்விட்டோம். நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தாள், பொறுமையான பெண். மண் அள்ளும் இயந்திரம் ஒன்று தள்ளி நின்றது. எங்கள் முறைக்கு மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் "இங்க இருக்கலாம், இல்ல அங்க இருக்கலாம்" என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, அண்ணி நேராகப் போய்க் கள்ளியைக் காட்டினார். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கள்ளியை வெட்டி ஒதுக்கிவிட்டுத் தோண்டினார்கள். இடுப்பளவு போனார்கள், ஈர மணல் வந்தது. அகலப்படுத்தினார்கள். ஒரு துண்டின் நூல்கூட இல்லை. யாரும் அங்கே ஒருநாளும் கை வைத்ததாகவே தெரியவில்லை, மணல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"அம்மா, இதே இடம்தானா?" என்று அதிகாரி கேட்டாள்.

"இதேதான். செடி இருக்குல்ல" என்றார் அண்ணி.

குழியின் கடல் பக்கச் சுவரில் ஒரு ஆள் எதையோ பிடித்து இழுத்தான். மணலுக்குள்ளிருந்து காய்ந்த பழைய மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வந்தன. சதை போய் நரம்பு மட்டும் மிஞ்சி, வலை மாதிரி இருந்தது. இழுக்க இழுக்க அது கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச தூரத்தில் பொடியாகி, பிறகு ஒன்றுமில்லை.

அண்ணி அதை வெறுங்கையால் வாங்கிப் பார்த்தார். பிறகு திரும்பித் தான் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கள்ளியின் கடலோரப் பக்கம் உப்பிலும் மணலிலும் செத்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்தப் பக்கம் புது மடல் விழுந்து வேர் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு அது புரிவதற்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவன் வரல பாப்பா" என்றார். "செடிதான் வந்திருக்கு. முள்ளு குத்துதுன்னு நான் பின்னாடி பின்னாடி போயிட்டே இருந்திருக்கேன்."

நான் அவர் தோளைப் பிடித்தேன். அவர் அழவில்லை. கையிலிருந்த அந்த வலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நகர்ற துணியில புள்ளி வச்சுட்டாரு உங்க அண்ணன்."

காய்ந்த மடல் போன திசையில் இன்னும் சில குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். மற்றவர்களின் முறை எல்லாம் முடிந்த பிறகும் அந்த அதிகாரி ஆட்களை அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தாள். கிடைக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் இயந்திரக்காரர் இறங்கி வந்து, "அம்மா, நான் வேணா மேட்டையே மொத்தமா வழிச்சுப் பாக்குறேன்" என்றார். நல்ல மனுஷன், மனதாரத்தான் கேட்டார்.

"வேண்டாம்பா. மெஷின் வாளியில அள்ளினா அவனையும் உடைச்சு அள்ளிடுவீங்க. இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

வெட்டிப் போட்ட கள்ளிக் குவியலிலிருந்து ஒரு மடலை எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். தொட்டியில் வைக்கலாம் என்று நினைத்தேன். "அதை எதுக்கு? அதுவா என் புள்ள?" என்றார். சின்னப் பாயை மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வரும் வழியில் அண்ணன் கல்லுக்கு முன்னால் நின்று நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாதா, யாரையாவது கூட அழைத்துப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு. பெத்த புள்ளைய மண்ணுல வச்சுட்டு நின்ன மனுஷன். அன்னைக்கு அவர் கண்ணுக்கு அதுதான் தெரிஞ்சிருக்கு."

பாறை கொட்டினார்கள். மேட்டைத் தள்ளிச் சமப்படுத்தி உருளை ஓட்டினார்கள். அண்ணி அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். லீவு நாளில் வீட்டிலேயே ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் பட்டறையில் ஒரு பெரிய லாரிப் பாய் முழுக்க அவர் வைத்த புள்ளி தள்ளிப் போயிருந்தது. வளையமும் அடித்தாகிவிட்டது. மேஸ்திரி அதைச் சின்னச் சின்னப் பாயாக வெட்டிக் கணக்கை முடித்தார், யாரிடமும் சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை. அந்தக் கேலி இல்லாததுதான் அண்ணியை உடைத்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே சைக்கிள் கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் துணிக்கடைக்காரர் மனைவி வீடு தேடி வந்து, "அக்கா, வந்து பாருங்க" என்றாள். எதைப் பார்க்க என்று சொல்லவில்லை. நான்தான் அண்ணியைக் கிளப்பிக் கூட்டிப் போனேன்.

சுவருக்கும் பாறைத் தடுப்புக்கும் நடுவில் சமப்படுத்திய மணல். அது முழுக்க, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கள்ளி. இயந்திரம் ஏறி நசுக்கி, வாளியில் அள்ளி, மணலோடு மணலாக இறைத்த துண்டுகள். ஒவ்வொரு துண்டும் விழுந்த இடத்தில் வேர் விட்டு, நகம் அளவு, உள்ளங்கை அளவு புது மடல் விட்டிருந்தது. துணிக்கடைக்காரர் மனைவி ஒரு சின்னக் கள்ளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நான் இதை வச்சுக்கிட்டேன் அக்கா" என்றாள். அண்ணி தலையாட்டினார்.

அண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பையிலிருந்து அந்தச் சின்னப் பாயை எடுத்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தான் கடைசியாக உட்கார்ந்த இடம் எது என்று சுவரைப் பார்த்துக் கணித்து, அங்கே விரித்து உட்கார்ந்தார்.

அதற்கடுத்த வாரம் பாயை விரித்தபோது ஒரு சாண் கடல் பக்கம் தள்ளி விரித்தார். அதற்கடுத்த வாரம் இன்னொரு சாண். நடுவில் ஒரு குட்டிக் கள்ளி வந்தது. அதைச் சுற்றிப் போகவில்லை, இடுக்கியால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஒதுக்கிவிட்டு அதே நேர்கோட்டில் உட்கார்ந்தார். சுணை ஏறியது. வீட்டுக்கு வந்து சொல்யூஷன் பூசி உரித்தார்.

"என்ன அண்ணி, இடத்தை மாத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி வந்த அளவுக்கு முன்னாடி போகணும்ல. ஒரேயடியாப் போனா எந்த இடம்னு தெரியாமத் தாண்டிருவேன். அவன் பக்கத்துல கொஞ்ச நேரமாவது உக்காந்துட்டுத்தான் தாண்டணும்."

எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பாறைத் தடுப்பு வரை நீளமாகக் கிடந்தது மணல். அண்ணிக்கு முழங்கால் வலி வேறு, ஒரு வாரம் போனால் ஒரு வாரம் படுக்கை.

"இப்படிச் சாண் சாணா நகர்ந்தா நீங்க எப்ப அண்ணி போய்ச் சேர்றது?"

சொன்ன பிறகுதான் என் வாயில் என்ன வந்தது என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. கடலைப் பார்த்தபடியே, "ரெண்டும் ஒண்ணா முடிஞ்சா நல்லதுதானே பாப்பா" என்றார்.

அடுத்த வாரம் அண்ணி பாயை விரிக்கக் குனிந்தபோது மறுமுனையை நான் பிடித்தேன். இரண்டு பேருமாக ஒரு சாண் முன்னால் விரித்தோம்.